போடி லைனிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை: ஒரு பழைய பாதையின் பின்னே

வியாழன்: மதுரை – போடி

போடி லைனைப் பற்றி எழுத வேண்டும் என்பது பல வருட ஆசை. மதுரையிலிருந்து மேற்கே 90 கிலோமீட்டர் ஓடி, மலையடிவாரத்தில் முட்டி நின்றுவிடும் கிளைப் பாதை அது. அந்த மலைக்கு மேலே, மூணாறு பக்கம், நூறு வருடத்துக்கு முன்னால் இன்னொரு குட்டி ரயில் ஓடியது. இரண்டுக்கும் நடுவே செங்குத்தான சரிவில் ஒரு ரோப்வே. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு இவை ஒரே பாதையின் துண்டுகளாகத்தான் தெரிகின்றன. சரி, கீழிருந்து மேலே வரை ஒரே மூச்சில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். கூட வருவது என் தாய்மாமா. உசிலம்பட்டிப் பக்கம் மீட்டர்கேஜ் காலத்தில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

காலை எட்டு மணிக்கு மேல் மதுரை ஜங்ஷனில் இருந்து போடி பாசஞ்சர். ஊரைத் தாண்டியதும் வலப்பக்கம் நாகமலை கூடவே வருகிறது. வடபழஞ்சி, செக்கானூரணி, உசிலம்பட்டி. ஜன்னலோரம் உட்கார்ந்த மாமா மலையைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்கத் தரையில்தான்.

"ஜல்லி நல்லா போட்டிருக்காங்க மாப்ளே. எங்க காலத்துல மழை பேஞ்சா கட்டைக்கு அடியில மண்ணு இளகிரும். கடப்பாறையத் தூக்கிட்டு ஓடணும்."

இந்தப் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. அன்றைக்குத் தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம், அதாவது மீட்டர்கேஜ். பெரியாறு அணைத் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. ரயில் வர அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அதுவும் பள்ளத்தாக்கின் நடுவே கம்பம், கூடலூர் என்று போகாமல், தேனியில் ஒதுங்கிப் போடிக்குப் போனது. காரணம் யூகிக்கக் கடினமானதல்ல. மலையிலிருந்து தேயிலையும் ஏலக்காயும் இறங்கும் வாசல் போடி.

திறந்து பதினைந்து வருடம்கூட முழுசாக ஓடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. ராணுவத்துக்கு இரும்பும் தண்டவாளமும் வேண்டும் என்று, அதிக வருமானம் இல்லாத கிளைப் பாதைகளைப் பெயர்த்து எடுத்தது அன்றைய அரசு. மலபாரில் ஷொரணூர் – நிலம்பூர் பாதைக்கும் இதே கதிதான். போடி லைனும் பிடுங்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு, ஐம்பதுகளின் முதல் பாதியில்தான் திரும்பவும் போட்டார்கள். போட்ட பாதை பழுதாவது இயல்பு. நல்ல நிலையில் இருந்த பாதையை அப்படியே உருவிக்கொண்டு போனதை இந்தப் பகுதியின் பழைய ஆட்கள் எப்படித் தாங்கியிருப்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது. மாட்டுவண்டியிலிருந்து ரயிலுக்கு வந்த ஊர் மறுபடி மாட்டுவண்டிக்குப் போனது.

இரண்டாவது முறை மூடியது நம் காலத்தில். அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றது. ஓரிரு வருடத்தில் முடிந்துவிடும் என்று நம்பியவர்கள்தான் எல்லோரும். நிதி ஒதுக்கீடு சொட்டுச் சொட்டாக வந்தது. 2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரை சோதனை ஓட்டம், அதே வருடக் கடைசியில் ஆண்டிபட்டி வரை, 2022 மே மாதம் தேனி வரை பயணிகள் ரயில், 2023 ஜூன் 15-இல் போடி. பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! ஆறாம் வகுப்பில் இந்த ரயிலில் பள்ளிக்கூடம் போன பையன், அது திரும்பி வரும்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பான்.

"நான் ரிடையர் ஆன பெறகுதான் மூடுனாங்க," என்றார் மாமா. "நல்லவேளை, கழட்டுறத நான் பாக்கல."

உசிலம்பட்டியில் முன்பெல்லாம் பூக்கூடைகள் ஏறும். ஈரச் சாக்குப் போட்டு மூடிய மல்லிகை. பெட்டிக்குள் மதுரை வரைக்கும் அந்த வாசனைதான். இப்போது பூ எல்லாம் வேனிலும் பஸ்ஸிலும் போகிறது. பன்னிரண்டு வருடத்தில் வியாபாரிகள் வேறு வழி பழகிவிட்டார்கள். வந்த ரயில் அவர்களைத் திரும்பக் கூட்டிவர இன்னும் நாளாகும்.

இந்த வழியில் நான் மிகவும் காத்திருந்து பார்த்த இடம் ஆண்டிபட்டிக் கணவாய். உசிலம்பட்டியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் குன்றுகள் நெருங்கி வருகின்றன. பாறையை வெட்டி ஏற்படுத்திய இடுக்கு வழியாக ரயில் மெதுவாக நுழைகிறது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலப் பாறைச் சுவர். மீட்டர்கேஜுக்காக வெட்டிய இடம் அகலப்பாதைக்குப் போதாது என்பதால் மலையை மறுபடியும் உடைத்து அகலப்படுத்தினார்கள். வேலை இழுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாக உடைத்த பாறை வெளுப்பாக இருக்கிறது. பல இடங்களில் வெடிவைக்கத் துளை போட்ட தடம், கோடு கிழித்த மாதிரி நேராக மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தத் தடங்களை மாமா விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கணவாயைத் தாண்டினால் வெளி அகன்று விரிகிறது. காற்றாலைகள், தென்னந்தோப்பு, தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாக எழுந்து நிற்கிறது.

தேனியில் பாதிப் பெட்டி காலி. அங்கிருந்து 15 கிலோமீட்டரில் போடி. ரயில் நின்றதும் எதிரே மலை. இதற்கு மேல் போக வழி இல்லை.

வெள்ளி: போடி – குரங்கணி

போடியில் காலையில் நடந்தால் சில தெருக்களில் ஏலக்காய் வாசனை மூக்கைத் துளைக்கும். கிட்டங்கிகளில் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார்கள். மலையில் விளைவது பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். ஏலம் போவதில் பெரும் பங்கு இங்கே. இந்த ஊருக்கு ரயில் வந்ததற்கும் இதே மலைச் சரக்குதான் காரணம்.

குரங்கணி போகும் பஸ் முந்தல் வரை போடிமெட்டுச் சாலையில் போய், அப்புறம் பிரிகிறது. கொட்டகுடி ஆறு கூடவே வருகிறது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. 15 கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் மலை இன்னும் கொஞ்சம் நெருங்கி, கடைசியில் நிமிர்ந்து பார்த்தால்தான் உச்சி தெரிகிறது.

இந்தச் சரிவில்தான் ரோப்வே இருந்தது. உச்சியில் டாப் ஸ்டேஷன். கீழே கொட்டகுடியில் பாட்டம் ஸ்டேஷன். இடையில் சென்ட்ரல் ஸ்டேஷன். அந்தப் பெயரில் மலைச்சரிவில் ஒரு குடியிருப்பு இன்றைக்கும் இருக்கிறது. மேலேயிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி வரும். மலையில் நெல் விளையாது. அதனால் தோட்டத்து ஆட்களுக்கான அரிசியும் சாமான்களும் மேலே போகும். கீழே வந்த தேயிலை மாட்டுவண்டியில் போடிக்கு. 1928-க்கு முன்னால் போடியிலும் ரயில் கிடையாது. மதுரை – திண்டுக்கல் பாதையில் இருக்கும் அம்மையநாயக்கனூர் வரை வண்டிப்பயணம்தான். இன்றைக்கு அதைக் கொடைரோடு ஸ்டேஷன் என்கிறோம். அங்கிருந்து ரயில், துறைமுகம், கப்பல், லண்டன்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் மாமா பேச்சுக் கொடுத்தார்.

"ஐயா, இந்த வழியாத்தான் தோட்டத்துக்கு ஆளுக போனாங்களா?"

"ஆமாப்பா. எங்க பாட்டன் காலத்துல கங்காணி கூட்டிட்டுப் போவாராம். பிள்ளகுட்டி, சட்டிபானை எல்லாத்தையும் தூக்கிட்டு நடதான்."

"ரோப்புல ஆளு ஏத்த மாட்டாங்களோ?"

"சரக்குக்குத்தான்ப்பா அது."

திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து போன தமிழர்கள்தான் அந்தத் தேயிலைக் காட்டை உண்டாக்கினார்கள். தேயிலைக்குக் கம்பி போட்டவர்கள், தேயிலை பறிக்கப் போனவர்களுக்கு ஒரு நல்ல படி கூடப் போடவில்லை. இந்த மலைச் சரிவைக் கீழிருந்து நிமிர்ந்து பார்த்தால், கைக்குழந்தையோடு அதில் ஏறுவது என்ன பாடு என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷன் வரை நடைபாதை உண்டு. 2018 மார்ச்சில் இந்த மலையில் நடந்த காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் பலர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் ஏற வேண்டாம். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது அந்தப் பேச்சே கூடாது. நாங்கள் அடிவாரத்தோடு திரும்பிவிட்டோம்.

சனி: மூணாறு

போடியிலிருந்து போடிமெட்டு ஏற கொண்டை ஊசி வளைவுகள். வெயில் ஊரில் ஏறி உட்கார்ந்தோம், மெட்டில் இறங்கும்போது மாமா துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டார். பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. பஸ்ஸில் கண்டக்டர் தமிழ், டிரைவர் தமிழ், பக்கத்து சீட்டில் பேசுவது தமிழ்.

மூணாறில் இரண்டு இடம் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். ஒன்று, கண்ணன் தேவன் கம்பெனியின் அலுவலகக் கட்டடம். அதுதான் பழைய மூணாறு ரயில் நிலையம். அதற்கு முன்னால் இருக்கும் சாலைதான் தண்டவாளம் ஓடிய இடம். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. நின்று பார்க்கும் ஆள் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஒரு சின்னப் பலகையாவது வைத்து, இங்கே ரயில் நின்றது என்று எழுதினால் என்ன? அத்தனை சுற்றுலாப் பயணிகள் வருகிற ஊர்.

இன்னொன்று, நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகம். அங்கே அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் தேயிலை அரைக்கும் இயந்திரங்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாமா மட்டும் சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். உள்விளிம்பில் எழும்பி நிற்குமே, தண்டவாளத்தை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் வரம்பு, அதையே உற்றுப் பார்த்தார். வளைவு அதிகமான பாதையில் அந்த வரம்புதான் தண்டவாளத்தோடு உரசி உரசித் தேயும், அதைப் பார்த்தால் வண்டி எப்படிப்பட்ட வழியில் ஓடியது என்று தெரியும் என்றார். அவர் வேலை பார்த்த நாளெல்லாம் உரசலின் மறுபக்கத்தைத்தான், தண்டவாளத்தின் தேய்மானத்தைத்தான் பார்த்திருக்கிறார். எழுந்திருக்கும்போது, "பாவம், எவ்வளவு ஏறியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு: குண்டளைப் பள்ளத்தாக்கு – டாப் ஸ்டேஷன்

மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் சுமார் 32 கிலோமீட்டர். பழைய ரயிலும் மூணாறில் தொடங்கி மாட்டுப்பெட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷனுக்குத்தான் போனது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்பது அதன் பெயர்.

முதலில் வந்தது ரயில்கூட அல்ல, மோனோரயில். 1902-இல். இன்று நகரங்களில் தூண் மேல் ஓடுவதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இது சாலையோரத்தில் தரையிலேயே பதித்த ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் எடையில் பெரும்பகுதியை அந்தத் தண்டவாளத்தின் மேல் உருளும் சிறு சக்கரங்கள் தாங்கும். வண்டி சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாதாரண மண் சாலையில் உருண்டு வரும். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பக்கத்தில் மாட்டுவோமே, அதே வேலை. இழுத்தது எருதுகள். இரும்பின் மேல் உருளும்போது உராய்வு குறைவு என்பதால், மண் சாலையில் இழுப்பதைவிடப் பல மடங்கு பாரத்தை அதே மாடு இழுக்கும். இரண்டாவது தண்டவாளத்தின் செலவும் மிச்சம். இரண்டையும் மட்டம் பார்த்துப் பதிக்கும் வேலையும் இல்லை. இதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்திலும் பின்னர் ஒன்று ஓடியது. அதன் எஞ்சின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தேயிலை பெருகியது. மாடு போதவில்லை. 1908-இல் மோனோரயிலை எடுத்துவிட்டு, இரண்டு அடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு, சிறு நீராவி எஞ்சின்களை ஓட்டினார்கள். 610 மில்லிமீட்டர். போடி லைனின் மீட்டர்கேஜில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அந்த அகலம்தான் மலைக்குச் சரி. எவ்வளவு குறுகலோ அவ்வளவு கூர்மையாக வளையலாம், பாறையை அவ்வளவு குறைவாக வெட்டினால் போதும்.

ஒரு தண்டவாளம், 610 மில்லிமீட்டர், அப்புறம் கீழே 1,000 மில்லிமீட்டர், இன்று அகலப்பாதையின் 1,676 மில்லிமீட்டர். மதுரைக்கும் மூணாறுக்கும் நடுவே இத்தனை விதமான பாதை! நாட்டில் வேறு எந்தப் பள்ளத்தாக்கில் இப்படி இருந்தது என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆனால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று சேரவே இல்லை. இந்தப் பயணம் முழுக்க என்னை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான். மேலே ரயில் ஓடியபோது போடிக்கு ரயில் இல்லை. 1928-இல் போடிக்கு ரயில் வந்தபோது மேலே ரயில் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது.

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்கிறார்கள். நாள் கணக்கில் விடாத மழை. மலைகள் சரிந்தன. மரமும் மண்ணும் ஆற்றை அடைத்துத் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு கீழே இறங்கியதில் பழைய மூணாறு நகரமே சிதைந்தது. ரயில் பாதை போன இடம் தெரியவில்லை. அதைத் திரும்பப் போட யாரும் முன்வரவில்லை. தோட்டங்களுக்குள் ரோப்வேக்களை வைத்துச் சமாளித்தார்கள், பின்னால் சாலையும் லாரியும் வந்தன. கம்பெனி போட்ட ரயில், கம்பெனியின் சரக்குக்காக ஓடிய ரயில். சரக்குக்கு வேறு வழி கிடைத்ததும் ரயிலுக்கு ஆள் இல்லை. கீழே போடி லைன் இரண்டு தரம் போயும் இரண்டு தரம் திரும்பி வந்ததென்றால், ஊர் ஊராக மக்கள் மனுக் கொடுத்து, மறியல் செய்து, விடாமல் கேட்டதால்தான். தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் என்று போட்ட பாதையைத் தன்னுடையது என்று பயணிகள் உரிமை கொண்டாடிவிட்டார்கள். மேலே அந்த உரிமை தொழிலாளிக்குக் கிடைக்கவே இல்லை. அவன் அந்த ரயிலுக்குப் பெட்டி சுமந்தவன்.

மாட்டுப்பெட்டி அணையைத் தாண்டி, குண்டளை ஏரியைத் தாண்டி, டாப் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தபோது மதியம். மூணாறிலிருந்து வந்தாலும் இந்த இடம் தேனி மாவட்டம், தமிழ்நாடு. சோளக்கருது, கேரட், டீக்கடைகள், கூட்டம். எல்லோரும் காட்சிமுனைக்குப் போகிறார்கள். ரோப்வே நிலையத்தின் இடிபாடுகளும் இங்கேதான் இருக்கின்றன. பாசி பிடித்த கல் கட்டுமானம், செடிகொடி மூடிக் கிடக்கிறது. எங்களுக்கு அதுதான் முக்கியம். அதன் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால், வெள்ளிக்கிழமை நாங்கள் நிமிர்ந்து பார்த்த அதே சரிவு. மேகம் விலகும்போது அடியில் குரங்கணி, கொட்டகுடிப் பள்ளம், அதற்கப்பால் சமவெளி.

மாமா ரொம்ப நேரம் கணக்குப் போட்டார். "இங்க வரைக்கும் ரயிலு, இங்கருந்து கம்பி, அங்கருந்து வண்டி, போடியில ரயிலு. ஒரு நாலு வருசம் முந்தி நம்ம லைனு வந்திருந்தா எல்லாம் சேந்திருக்கும் மாப்ளே."

திங்கள்: திரும்பும் வழி

போடி ஸ்டேஷனில் மாலை வண்டிக்காகக் காத்திருக்கும்போது இதை எழுதுகிறேன். மூணாறு ரயிலைச் சுற்றுலாவுக்காக மீண்டும் ஓட்டலாமா என்று சில வருடங்களுக்கு முன்னால் ஆராய்ந்தார்கள். வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், இருப்பவர்கள் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக அது நிற்குமா என்பதை முதலில் கேட்க வேண்டும். 1908-இல் கேட்காத கேள்வி அது.

கீழே, கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் மக்கள் ரயில் கேட்டுத் தலைமுறைகள் ஆகிவிட்டன. திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகப் புதுப்பாதை வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் காகிதத்தில். அது வரும்போது வரட்டும். இப்போதைக்கு, சென்னைக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு ரயில், மதுரையிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் இந்தப் பாசஞ்சர், இவ்வளவுதான் இந்தப் பாதையில். காலையில் போடியிலிருந்து மதுரைக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களுக்கு இது எதிர்த்திசை. விடியற்காலையில் இங்கிருந்து கிளம்பும் வண்டி ஒன்றை விட்டால் உசிலம்பட்டிப் பூக்கூடைகளும் மறுபடி ரயில் ஏறும். கேட்டுக்கொண்டே இருப்போம், இந்த லைன் அப்படித்தான் இரண்டு தரம் வந்தது.